மூன்றடி இடத்துக்கு ஆறடிப் புல்

வாசகர் கேள்வி: எங்கள் வீட்டு முன்னறைச் சன்னலுக்கு நேர் எதிரே, சுற்றுச்சுவர் ஓரமாக 4 அடி நீளமும் 3 அடி அகலமும் உள்ள ஒரு மண்தரை வெறுமையாகக் கிடக்கிறது. காலை 9 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை அங்கே வெயில் விழும். மழைக்காலத்தில் ஓரிரு நாள் தண்ணீர் நிற்கும். கோடையில் மண் பாளம் பாளமாக வெடிக்கும். ஆளுயரம் வளர்ந்து காற்றில் அசையக்கூடிய ஒரு புல்லை, அதுவும் நம் மண்ணுக்கே உரிய புல்லை, அங்கே வைக்க விரும்புகிறேன். எனக்கு நாணல் மீது நெடுநாள் ஆசை. நர்சரியில் பாம்பாஸ் புல்தான் அழகு என்கிறார்கள். எதை வைப்பது நல்லது?

பதில்: இடத்தின் அளவு, வெயில் விழும் நேரம், தண்ணீர் நிற்கும் நாள், மண் வெடிக்கும் பருவம் ஆகிய நான்கையும் நீங்களே கவனித்து எழுதியிருப்பதால், என்னால் சுற்றி வளைக்காமல் பதில் சொல்ல முடிகிறது. வெட்டிவேரை வையுங்கள். நாணலையும் பாம்பாஸையும் அந்த மண்ணில் வைக்க வேண்டாம். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஏனென்றால், தோட்டத்தில் ஒரு செடி பட்டுப்போனால் அடுத்த மழைக்கு வேறொன்றை வைத்துக்கொள்ளலாம், ஆனால் தவறான புல் வேர் பிடித்துவிட்டால் அதை வெளியேற்றுவதற்குள் அந்த இடத்தின் மீதே வெறுப்பு வந்துவிடும்.

உயரமான புல் வேண்டும் என்று கேட்கும் எல்லாரும் அது எவ்வளவு உயரம் போகும் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். சிறிய இடத்தைப் பொறுத்தவரை உயரம் அவ்வளவு பெரிய விஷயமே இல்லை. வளர்ந்த புல்லை அரிவாளால் எந்த உயரத்திலும் அறுத்துவிடலாம். மண்ணுக்குள் அது எந்தப் பக்கம் போகிறது என்பதைத்தான் நம்மால் அறுக்க முடியாது. புற்களில் தூர் கட்டி நின்ற இடத்திலேயே பருக்கும் இனங்கள் உண்டு. மண்ணுக்கடியில் கணுக்கணுவான தண்டை நீட்டி, இரண்டடி தள்ளி, ஐந்தடி தள்ளி என்று முளைத்துக்கொண்டே போகும் இனங்களும் உண்டு. முதல் வகையைத் தூர்ப்புல் என்றும் இரண்டாவதை ஓடும் புல் என்றும் வைத்துக்கொள்வோம். தூர்ப்புல்லும் ஆண்டுக்கு ஆண்டு அகலமாகும்; ஆனால் அது பருப்பது நம் கண்முன்னே நடப்பதால், மண்வெட்டியால் ஓரத்தை வெட்டி எடுத்தால் அடங்கிவிடும். ஓடும் புல் நாம் பார்க்காத இடத்தில்தான் வளர்கிறது.

உங்கள் ஆசைக்குரிய நாணல் ஓடும் புல். நம் ஆற்றங்கரைகளில் மழை ஓய்ந்த பின் வெண்பஞ்சாகப் பூத்து நிற்கும் அதே நாணல்தான், தாவரவியலில் கரும்பின் நெருங்கிய உறவு; அறிவியல் பெயர் சாக்கரம் ஸ்பான்டேனியம். கோயம்புத்தூரில் 1912-இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில், கரும்போடு இந்த நாணலைக் கலந்துதான் 1918-இல் வெளிவந்த கோ 205 என்ற ரகத்தை உருவாக்கினார்கள். எந்த முரட்டு நிலத்திலும் பிழைத்துக்கொள்ளும் குணத்துக்காகவே இதைக் கரும்புக்குள் கொண்டுவந்தார்கள். ஆற்றங்கரையைக் காக்கவும் கரும்புக்கு வலுவூட்டவும் உதவிய அந்தக் குணமே 12 சதுர அடி மண்ணில் தொல்லையாகிவிடுகிறது.

இதை நான் கேள்விப்பட்டு எழுதவில்லை. தோட்டம் அமைக்கும் தொழிலுக்கு வந்த புதிதில், அழகில் மயங்கி, என் சொந்த வீட்டுச் சுவரோரம் ஒரு நாணல் தூரை நட்டேன். முதல் ஆண்டு அது ஒரு தூராகவே நின்றது. இரண்டாம் மழை முடிந்த பத்து நாளில், ஆறடி தள்ளி, நடைபாதையில் பதித்த இரண்டு கற்களுக்கு நடுவே ஊசிபோல ஒரு பச்சை முனை தெரிந்தது. கல்லைப் பெயர்த்துப் பார்த்தபோது, சுண்டுவிரல் கனத்தில் வெள்ளைத் தண்டு ஒன்று சுவரோரத்திலிருந்து நேராக அங்கே வந்திருந்தது. ஒவ்வொரு கணுவிலும் காய்ந்த செதிலுக்குள் ஒரு மொட்டு காத்திருந்தது. கடப்பாரையால் நெம்பினேன். தண்டு ஒடிந்தது. ஒடிந்து மண்ணுக்குள் நின்ற துண்டுகள் ஒரே மாதத்தில் தனித்தனிச் செடிகளாக முளைத்து வந்தன. அந்தச் சுவரோரத்தை முழுவதுமாகச் சுத்தம் செய்ய எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. நாணல் மீது எனக்குள்ள பிரியம் இன்றும் குறையவில்லை. அதற்குரிய இடம் எது என்பது மட்டும் தெளிவாகிவிட்டது.

நாட்டுப் புல் என்றதும் பலர் சொல்லும் இன்னும் இரண்டு பெயர்களுக்கும் இதே பதில்தான். தர்ப்பை என்ற பெயரில் நம்மிடையே இரண்டு வேறு புற்கள் வழங்குகின்றன. இரண்டுமே மண்ணடித் தண்டால் பரவுபவை. அவற்றில் இம்பெரேட்டா என்ற இனம் உலகின் மிகக் கொடிய களைகளுள் ஒன்றாக எண்ணப்படுவது. அதன் தண்டு நுனி மற்றச் செடிகளின் வேரையும் கிழங்கையும் துளைத்துக்கொண்டு போகும் அளவுக்குக் கூரானது. கொறுக்கை நீர்நிலைகளின் ஓரத்தில் இரண்டு ஆள் உயரம் நிற்கும் புல். அதற்கு ஒரு குளக்கரை வேண்டும். நாட்டுச் செடி என்ற ஒரே தகுதி, வீட்டுத் தோட்டத்துக்குப் பொருந்தும் என்ற சான்றிதழ் ஆகிவிடாது.

பாம்பாஸ் பற்றி: அது தூர்ப்புல்தான், அழகிலும் குறையில்லை. ஆனால் அது தென்னமெரிக்காவின் புல். நம் மண்ணுக்குரியது வேண்டும் என்ற உங்கள் முதல் நிபந்தனையே அதை விலக்கிவிடுகிறது. அதோடு, முழுதாக வளர்ந்த தூர் ஐந்தாறடி அகலம் விரியும். இலையின் ஓரம் கையைக் கிழிக்கும். கலிபோர்னியாவிலும் நியூசிலாந்திலும் அழகுக்காகக் கொண்டுபோன பாம்பாஸ், காற்றில் பறக்கும் விதையால் வேலி தாண்டிக் காடுமேடெல்லாம் பரவி, இன்று அங்கே களையாக நிற்கிறது. இதைப் போலவே ஃபவுன்டன் கிராஸ் என்ற பெயரில் விற்கும் ஆப்பிரிக்கப் புல் ஒன்று உண்டு. அதை ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் ஊடுருவும் அயல் இனங்களின் பட்டியலில் சேர்த்தது. பஞ்சுபோன்ற பூவைக் காட்டி நர்சரியில் எதைக் கொடுத்தாலும், அது எந்த நாட்டுப் புல் என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

நர்சரியில் நீங்களே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. பெயர்ச்சீட்டை நம்புவதைவிட இதை நம்பலாம். ஒரு பையை எடுத்து, மண்ணை உதிர்க்காமல், செடியை மெல்ல வெளியே உருவச் சொல்லுங்கள். தூரின் அடியிலிருந்து நூல் போன்ற வேர்கள் கொத்தாகக் கீழ்நோக்கி இறங்கியிருந்தால் அது தூர்ப்புல். பென்சில் கனத்தில், கணு வைத்த வெள்ளைத் தண்டுகள் பையின் உட்சுவரைச் சுற்றி வளைந்து ஓடி, அவற்றின் நுனி ஆணிபோலக் கூராகவும் செதில் மூடியும் இருந்தால் அது ஓடும் புல். பைக்குள் இடம் போதாமல்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. உருவிக் காட்ட மறுக்கும் கடையில் எந்த உயரமான புல்லையும் வாங்க வேண்டாம்.

வெட்டிவேர் இந்தச் சோதனையில் தேறும். அதன் வேர்கள் பக்கவாட்டில் அலைவதில்லை. நேராகக் கீழே இறங்குகின்றன, நல்ல மண்ணில் பத்தடிக்கும் கீழே. மண்ணடித் தண்டு நீட்டி ஓடும் பழக்கம் அதற்கு இல்லை. இலைகள் நான்கைந்து அடி உயரத்துக்கு நிமிர்ந்து நின்று நுனியில் மட்டும் வளையும்; பூத்தண்டு வந்தால் ஆறடியைத் தாண்டும். இரண்டு நாள் தண்ணீர் நின்றாலும் அழுகாது, மண் வெடிக்கும் கோடையிலும் ஆழத்து ஈரத்தைக் குடித்துப் பிழைத்திருக்கும். ஒரே ஆண்டுக்குள் சேறும் வறட்சியும் மாறி மாறி வரும் உங்கள் இடத்தில் பெரும்பாலான அழகுச் செடிகள் ஒன்றைத் தாங்கினால் மற்றதைத் தாங்காது. வெட்டிவேர் இரண்டையும் தாங்கும். இந்தியத் துணைக்கண்டமே அதன் பிறப்பிடம் என்பதால் உங்கள் நிபந்தனையும் நிறைவேறுகிறது.

இந்தப் புல்லின் குணத்தை உலகம் அறிந்துகொண்டது மண்ணரிப்பைத் தடுக்கும் முயற்சியில்தான். 1950-களில் ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் சரிவுகளுக்குக் குறுக்கே வெட்டிவேரை வரிசையாக நட்டு மண்ணைக் காத்த ஜான் கிரீன்ஃபீல்டும் அவருடன் பின்னாளில் பணியாற்றிய ரிச்சர்டு கிரிம்ஷாவும், 1980-களில் உலக வங்கியின் பணியாக இந்தியாவுக்கு வந்தபோது, அதே முறையை இங்கே முன்னெடுத்தார்கள். வெட்டிவேருக்குச் சொந்தமான நாட்டுக்கே அதன் பயன் வெளியூர் சுற்றித் திரும்பி வந்தது. உங்களுக்கு இதில் உள்ள செய்தி ஒன்றுதான்: வரிசையாக நட்டால் நட்ட கோட்டிலேயே பல ஆண்டுகள் நின்று, பக்கத்துப் பயிரின் இடத்தைப் பிடிக்காத புல் என்பதால்தான் வயல் நடுவே அதை நடத் துணிந்தார்கள். வயலின் நடுவே ஒழுங்காக நின்ற புல் உங்கள் சுவரோரத்திலும் ஒழுங்காக நிற்கும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வெட்டிவேரில், வட இந்தியாவில் காடாக வளரும் வகை விதை பிடித்து முளைக்கக்கூடியது. தென்னிந்தியாவில் வேருக்காகப் பயிரிட்டுவரும் வகை முளைக்கும் விதை தருவதில்லை, தூர் பிரித்துத்தான் பெருக்க வேண்டும். வீட்டுக்கு இரண்டாவதே ஏற்றது. பயிர் செய்பவர்களிடமிருந்து தூர் பிரித்த நாற்றாக வாங்கினால் பெரும்பாலும் அதுதான் கிடைக்கும். நாற்றின் ஒரு வேரைக் கிள்ளி நகத்தால் நசுக்கி முகர்ந்து பாருங்கள். ஈரமண்ணும் மரக்கட்டையும் கலந்தாற்போன்ற அந்த மணம், இளவேரில் லேசாகத்தான் இருக்கும் என்றாலும், வெட்டிவேரை அறிந்தவர்களுக்கு ஐயம் வராது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வெட்டிவேரின் பூ, நாணல் பூவைப் போல வெள்ளிக் கொடியாக நிற்காது; பழுப்பும் ஊதாவும் கலந்த மெல்லிய கதிர், அதுவும் சில ஆண்டுகளில் எட்டிப் பார்க்காது. நீங்கள் சன்னலில் இருந்து பார்க்கப்போவது பூவை அல்ல, இலையின் அசைவை. அந்த அசைவு நன்றாகவே இருக்கும். காலை வெயில் சாய்வாக விழும்போது, பின்னால் உள்ள வெறும் சுவரில் ஒவ்வோர் இலையின் நிழலும் தனித்தனியாகக் கோடு இழுக்கும். இரண்டாவது குறை, விதை இல்லாததால் சில்லை போன்ற தானியம் தின்னும் சிறு பறவைகளுக்கு அதில் உணவு இல்லை. பறவைகளும் பட்டாம்பூச்சிகளும் வருவதுதான் உங்களுக்கு முதன்மை என்றால், எலுமிச்சைப்புல்லின் உறவான, நம் மலையடிவாரங்களில் தானாக வளரும் வாசனைப் புற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அவையும் தூர்ப்புற்கள்தான், பூத்து விதைக்கவும் செய்யும். ஆனால் அவற்றுக்குத் தண்ணீர் நின்றால் ஆகாது. தரையை ஓர் அடி உயர்த்தி மண் நிரப்பிய பிறகே அவற்றை வைக்க முடியும். தூரும் வெட்டிவேரைவிட அதிகமாகச் சாய்ந்து விரியும். உங்கள் மூன்றடி அகலத்தைத் தாண்டி அது வெளியே சாயக்கூடும் என்பதால்தான் நான் அதை இரண்டாவதாக வைக்கிறேன்.

நடும் முறை எளிது. மழைக்காலம் தொடங்கியதும் நடுங்கள். மண்ணை ஒன்றரை அடி ஆழம் கொத்தி, கட்டிகளை உடைத்து, ஒரு கூடை மட்கிய உரம் மட்டும் கலந்தால் போதும். அதற்கு மேல் உரமிட்டு ஊட்டி வளர்க்காதீர்கள்; தழைச்சத்து மிகுந்தால் இலை நீண்டு, நிமிர்ந்து நிற்க வலுவின்றி, முதல் பெருமழையில் சாய்ந்துவிடும், இதுதான் அன்பால் நேரும் தவறு. சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, நான்கடி நீளத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று கிளைகள் சேர்ந்த நாற்றாக எடுத்து, இலையை முக்கால் அடிக்கும் வேரை நான்கு விரற்கடைக்கும் நறுக்கி, அரை அடிக்கு ஒன்றாக ஏழு நாற்றுகளை அந்தக் கோட்டில் நடுங்கள். இலையை நறுக்க மனம் வராது; ஆனால் நறுக்காமல் நட்டால், வேர் பிடிக்குமுன்னே இலை வழியாக ஈரம் போய் நாற்று வாடிவிடும். தூரின் கழுத்து மண்மட்டத்தில் இருக்கட்டும், புதைந்துவிட வேண்டாம். திரையாக வேண்டாம், தனித் தூராக நின்றால் போதும் என்று தோன்றினால், நடுவில் மூன்று நாற்றுகளை ஒரு சாண் இடைவெளியில் முக்கோணமாக நட்டால் அவை ஒரே தூராகக் கூடிவிடும்.

முதல் ஒரு மாதம் மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் கோடையில் வாரம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும். இரண்டாம் ஆண்டிலிருந்து பெரிதாகக் கவனிப்பு தேவைப்படாது. ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்குச் சற்று முன்பாக, தரையிலிருந்து ஓர் அடி விட்டு முழுத் தூரையும் அறுத்துவிடுங்கள். அறுத்த தழையை அதே இடத்தில் மூடாக்காகப் போடலாம். அறுத்த சில வாரங்களுக்குச் சன்னலுக்கு எதிரே மொட்டையாகத் தெரியும். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். அறுக்காமல் விட்டால் உள்ளே காய்ந்த இலை அடைந்து, தூரின் நடுப்பகுதி வெளிச்சமின்றிப் பட்டுப்போகும். மூன்று நான்கு ஆண்டுகளில் தூர் மிகவும் பருத்தால், ஓரத்தை மண்வெட்டியால் செங்குத்தாக வெட்டி எடுங்கள். வேருக்காகத் தூரைத் தோண்ட ஆசைப்பட்டால், வேரை எடுப்பது செடியையே எடுப்பதுதான் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் வெட்டி எடுக்கும் துண்டின் வேரே அந்த ஆசைக்குப் போதும்.

நீங்கள் கேட்காவிட்டாலும், இந்தப் புல்லைச் சொன்னதும் எல்லாரும் கேட்கும் இரண்டு ஐயங்கள் உண்டு. சுவரின் அடித்தளம் கெடுமா என்றால், மரவேரைப் போலப் பருத்துப் பிளக்கும் வேர் புல்லுக்குக் கிடையாது. வெட்டிவேரின் வேர் நூலளவே இருக்கும். ஒன்றரை அடி தள்ளி நடச் சொன்னது சுவருக்கு அஞ்சியல்ல, தூர் பருக்கவும் பின்பக்கம் கைவிட்டுச் சுத்தம் செய்யவும் இடம் வேண்டும் என்பதற்காக. பாம்பு வருமா என்றால், எந்த அடர்ந்த புதரையும் போல இதுவும் மறைவிடம் ஆகலாம். அது எலியும் தவளையும் கிடைக்கும் இடத்தைத் தேடி வருவதே தவிர, புல்லைத் தேடி வருவதில்லை. தூரின் அடியில் காய்ந்த சருகை அவ்வப்போது வாரி, அடிப்பகுதி வெளிச்சமாகத் தெரியும்படி வைத்திருங்கள். பக்கத்தில் செங்கலோ விறகோ அடுக்க வேண்டாம். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால், இலை ஓரம் லேசாகக் கீறும் என்பதைச் சொல்லி வையுங்கள்.

வேறு நாடுகளில் வாழும் வாசகர்களுக்கு இந்தப் பதிலில் செடியின் பெயர் மட்டும் மாறும். வட அமெரிக்கப் புல்வெளிகளுக்குரிய ஸ்விட்ச் கிராஸில், நார்த்விண்ட் என்ற தேர்வு ஐந்தாறடி உயரம் போனாலும் இரண்டு மூன்றடி அகலத்துக்குள் தூண்போல நிமிர்ந்து நிற்கும்; 2014-இல் அங்குள்ள பல்லாண்டுச் செடி வளர்ப்போர் சங்கம் அதை ஆண்டின் சிறந்த செடியாகத் தேர்ந்தெடுத்தது. ஆஸ்திரேலியாவுக்கு கங்காரு புல், ஐரோப்பாவின் ஈரமான குளிர்நிலத்துக்கு மொலீனியா என்று அவரவர் மண்ணுக்குரிய தூர்ப்புல் ஒன்று இருக்கும். அங்கெல்லாம் வெட்டிவேரே அயல் புல் ஆகிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

இனி உங்கள் நாணல் ஆசை. அதை நான் முழுவதும் மறுக்க விரும்பவில்லை. இரண்டடி வாயும் இரண்டடி ஆழமும் உள்ள கனமான சிமென்ட் தொட்டி ஒன்றில் ஒரே ஒரு தூரை வையுங்கள். தொட்டியை மண்மீது வைக்காமல், சிமென்ட் தரையில் நான்கு செங்கல் அடுக்கி அதன்மேல் ஏற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை குனிந்து அடித்துளையைப் பாருங்கள். வெள்ளை முனை எட்டிப் பார்த்தால் அப்போதே நறுக்கிவிடுங்கள். பூ விரிந்து வெளுக்கத் தொடங்கியதும், பஞ்சு பறக்கும்முன் தண்டோடு அறுத்து, முன்னறையில் ஒரு குவளையில் தண்ணீரில்லாமல் நிறுத்தி வையுங்கள். சன்னலுக்கு உள்ளே நாணல் பூவும் வெளியே வெட்டிவேரும் இருக்கும்.